தோற்றவன் சொல்லும் சேதி

முசே,

உன் இரும்புக் குண்டுகள் மூன்றும் இப்போது என் மடியில் இருக்கின்றன. நேற்று உன் வீட்டம்மா தோல் பையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். மகனோடு இருக்க பிரான்சுக்குக் கிளம்புகிறார்களாம். பெட்டியில் துணிமணிக்கே இடமில்லை, இந்தக் கனத்தை எங்கே தூக்கிக்கொண்டு போவது, உங்களிடமே இருக்கட்டும் என்றார்கள். பையைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனைதான். இரும்பும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை. துருப்பிடிக்கக் கூடாதென்று ஆட்டம் முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவுவாயே, அது இன்னும் போகவில்லை. உன் வீட்டம்மாவுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

இதை நான் கையால் எழுதவில்லை. போனிடம் சொல்கிறேன், அது எழுத்தாக்குகிறது, பக்கத்தில் என் மகள் சுகந்தி உட்கார்ந்து பிழை திருத்துகிறாள். நீ இருந்திருந்தால் இதையே ஒரு சேதியாக மைதானத்தில் சொல்லியிருப்பாய். "குருடன் பேசுறான், மெஷின் எழுதுது, பொண்ணு திருத்துறா. மூணு பேரு சம்பளம், ஒரு லெட்டரு" என்று சிரித்திருப்பாய். உன்னைத் தவிர வேறு யாராவது என்னைக் குருடன் என்று சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு.

கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருக்கிற அந்த மண் மைதானம் இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. சாயங்காலமானால் பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களும் எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்களும் பெத்தாங்க் ஆடக் கூடிவிடுகிறோம். தூரத்தில் ஒரு சின்ன மரக்குண்டைப் போட்டு, அதற்கு மிக அருகில் யார் இரும்புக் குண்டு போய் நிற்கிறது என்று பார்க்கிற ஆட்டம். புதுச்சேரியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனால் வேறு எந்த மைதானத்திலும் இல்லாத ஒரு சட்டம் நம்முடைய கூட்டத்தில் இருந்தது. கடைசி ஆட்டத்தில் தோற்றவன் ஒரு விஞ்ஞானச் சேதி சொல்ல வேண்டும். ஜெயித்தவர்கள் அவனைக் குறுக்கு விசாரணை செய்யலாம். அந்தச் சட்டத்தைப் போட்டது நீ. பிரெஞ்சு ராணுவத்தில் நர்ஸாக இருந்து ரிட்டயராகி வந்தவன், அதனால்தான் பேரே மறந்து எல்லோருக்கும் 'முசே', பிரெஞ்சில் 'ஐயா', ஆகிவிட்டாய். தினமும் பிரெஞ்சுப் பத்திரிகை படிக்கிறவன். மருந்துக் கடை வைத்திருந்த எனக்கு அந்தச் சட்டம் உடனே பிடித்துப்போனது. ஆட்டோ ஓட்டுகிற பாலு மட்டும் முனகினான். "தோத்தா டீ வாங்கிக் குடுக்கலாம். பாடம் நடத்தச் சொல்ற ஒரே ஆளு நீதான் முசே" என்றான். பிறகு அவன்தான் எல்லோரையும்விட ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

யானைகள் ஒன்றையொன்று பேர் வைத்துக் கூப்பிடுவது போலத் தெரிகிறது என்று நீ சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? பாலு பெருமூச்சு விட்டான். "என் பொஞ்சாதி கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னை 'இந்தா'ன்னுதான் கூப்புடுறா." ஒருவகைத் தேனீக்கள் சாப்பிட ஒன்றும் கிடைக்காவிட்டாலும் சின்னச் சின்ன மரக்குண்டுகளை உருட்டி விளையாடுகின்றன என்று இன்னொரு நாள் நான் சொன்னேன். "அதுங்களுக்கும் பிரெஞ்சு பென்ஷன் வருதா?" என்று அவன் கேட்டதில் மைதானமே சிரித்தது. அண்டவெளியின் இருட்டுக்குழியைப் படம் பிடித்தது, பன்றியின் சிறுநீரகத்தை மனிதருக்குப் பொருத்தியது, குழந்தைகளுக்கு மலேரியாத் தடுப்பூசி வந்தது, இரும்பு நாம் நினைத்ததைவிட நம் மண்ணில் பழையது என்றது எல்லாம் அந்த மைதானத்துக்கு வந்து போயிற்று.

ஆனால் யார் என்ன சேதி சொன்னாலும் நீ முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"எலியா, ஆளா?"

எலிக்குக் குணமானதைத் தலைப்பில் ஆளுக்குக் குணமானதாகப் போட்டுவிடுகிறார்கள் என்பது உன் தீராத கோபம். அடுத்த கேள்வி, எத்தனை பேரிடம் பார்த்தார்கள். அதற்கடுத்தது, வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா. மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், "அலோர், இது இன்னும் சேதி ஆவல. வளரட்டும், வுடு" என்று கையை உதறுவாய். என் கடைக்கு வந்து, பத்திரிகைத் துண்டை நீட்டி இந்த மருந்து இருக்கிறதா என்று கேட்கிறவர்களிடம் அதற்குப் பிறகு நானும் அப்படித்தான் பேசினேன். அவர்கள் முகம் வாடும். ஆனால் வேறு எங்கோ போய் ஏமாறுவதைவிட என்னிடம் வாடட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

என் கண் குறுகத் தொடங்கியபோது அதை முதலில் கண்டுபிடித்தவனும் நீதான். சின்ன வயதிலிருந்தே இருட்டில் தடுமாறுவேன். வீட்டில் மாலைக்கண் என்று சொல்லி முருங்கைக்கீரையும் ஈரலுமாகப் போட்டார்கள். நாற்பதைத் தாண்டியபோது பக்கவாட்டுப் பார்வையும் போய், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது. விழித்திரையில் வருகிற பரம்பரை நோய் என்று டாக்டர் சொன்னார். மாத்திரை அட்டையில் எழுத்து தெரியவில்லை என்றதும் நான் கடையில் நிற்பதை நிறுத்திக்கொண்டேன். பார்மசி படித்த சுகந்தி கல்லாவில் உட்கார்ந்தாள். ஆட்டத்தையும் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ விடவில்லை. மரக்குண்டுக்குப் பின்னால் போய் நின்று கைதட்டுவாய். நான் சத்தத்தைப் பார்த்துப் போடுவேன். ஒருமுறை உன் கால் கட்டைவிரலில் போட்டுவிட்டேன். பிரெஞ்சில் நீ திட்டிய வார்த்தைகளுக்கு இன்றுவரை அர்த்தம் சொல்லவில்லை.

நம் கலம் நிலவின் தென்பக்கம் இறங்கிய சாயங்காலம் மைதானத்தில் யாரும் ஆடவில்லை. பாலுவின் போனைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். எனக்குத் திரையில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு காதில் சொல்லிக்கொண்டே வந்தாய். "எறங்குது... மெதுவா எறங்குது... நேரா நிக்குது... இன்னும் கொஞ்சம்... வுவாலா! எறங்கிடுச்சுடா!" பாக்கெட்டில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற மனுஷன் தேம்பித் தேம்பி அழுதாய். அன்றைக்கு யார் தோற்றது என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு நாள், சாலையோரத்துக் கருங்கல் குவியலைத் தாண்டி என்னைக் கைப்பிடித்து இறக்கினாய். துறைமுகம் கட்டியதிலிருந்து கடல் மண்ணைத் தின்று தின்று, நம் கரையில் வெறும் பாறைகள்தான் மிச்சம் இருந்தன. நாம் சின்னப் பையன்களாக ஓடிய மணல் போயே போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். கடல் ஆராய்ச்சிக்காரர்கள் கரைக்குச் சற்றுத் தள்ளித் தண்ணீருக்கடியில் ஓர் அமைப்பை இறக்கி, மணலும் கொட்டினார்கள். அலையின் வேகம் குறைந்து ஒரு துண்டு மணல்கரை திரும்பி வந்தது. நீ செருப்பைக் கழற்றச் சொன்னாய். "கால வை. நம்ம மண்ணுதான். கணக்குப் போட்டு வரவெச்சிருக்காங்க." என் கால்விரல்களுக்கு நடுவே ஈரமணல் ஏறியது. போனது திரும்பி வராது என்று யாராவது சொன்னால் இப்போதும் நான் அந்தக் கரைக்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இதற்கெல்லாம் முன்னால் நாம் ஒரு மாதம் பேசாமல் இருந்தோமே, அதைப் பற்றித்தான் இந்த மடலில் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

பாகூர் பக்கத்து எங்கள் ஊரில், முறைப்படி என் மகள் என் அக்காவின் மூத்த மகனுக்குத்தான். சுகந்தி தொட்டிலில் கிடந்தபோதே அக்கா சொல்லி வைத்தது. எங்கள் அப்பாவும் அம்மாவுக்குத் தாய்மாமன். சொத்துக்காக என்று ஊரார் சொல்வார்கள். எங்களுக்கு அது பழக்கம், பாசம், வேறென்ன? பெண் வெளியே போகாது, அக்கா தம்பி உறவு விட்டுப்போகாது. நாள் பார்க்கப் போகிறோம் என்று மைதானத்தில் நான் சந்தோஷமாகச் சொன்னேன். நீ குனிந்து குண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் நீ தோற்றாய். எங்கள் கூட்டத்திலேயே சுத்தமாக ஆடுகிறவன், கடைசிக் குண்டைக் கால்வாயில் போய் விழும்படி போட்டாய். பாலு கைகொட்டிச் சிரித்தான். நீ சிரிக்கவில்லை.

"இன்னைக்கு சேதி தூரத்துலேர்ந்து வரல" என்றாய். "நம்ம பக்கத்துலேர்ந்துதான். கண் ஆஸ்பத்திரிங்கள்ல இந்த மாதிரி பார்வை போனவங்களோட அப்பா அம்மா யாருன்னு விசாரிச்சிருக்காங்க. நெறைய பேரு சொந்தத்துக்குள்ள கட்டுனவங்க. மாமா பொண்ணு, அக்கா பொண்ணு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் ஆயுதத்தையே எடுத்து உன்மேல் வீசினேன்.

"எலியா, ஆளா?"

நீ மெதுவாகச் சொன்னாய்.

"ஆளுதான்டா. நீதான் அந்த ஆளு."

நான் குண்டுகளை அங்கேயே போட்டுவிட்டு நடந்தேன். தூணில் இடித்துக்கொண்டேன், உன்னைக் கூப்பிடவில்லை. என் அப்பா அம்மா வாழ்ந்த வாழ்க்கையை எல்லோர் நடுவிலும் வைத்து இவன் கூறுபோட்டுவிட்டானே என்றுதான் அப்போது தோன்றியது. நீயோ தினமும் கடைக்கு வந்தாய். இருமல் மிட்டாய் ஒன்று வாங்கி, "மெர்சி" என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டு, மூலையில் உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பாமல் போனாய். உனக்கு இருமலே இல்லை என்று எனக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் அன்று தோற்றாய் என்பது எனக்கு உறைக்கவே பல நாள் ஆயிற்று. ஜெயித்திருந்தால் சொல்லும் முறை உனக்கு வந்திருக்காது. தனியாக வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தால் நான் வாசலோடு அனுப்பியிருப்பேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியில் சுகந்தியிடமே கேட்டேன். "முசே மாமா சொன்னதுக்காக இல்லப்பா. எனக்கு அத்தான் மேல அப்படி ஒரு நெனப்பே வந்தது இல்ல. நீங்க சந்தோஷமா இருந்தீங்களேன்னு சும்மா இருந்தேன்" என்றாள். அக்காவிடம் போய்ச் சொன்னேன். நோய் பற்றி வாயே திறக்கவில்லை, பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலமே மைதானத்துக்கு வந்து உன் பக்கத்தில் நின்றேன். அன்றோடு அக்கா என் வீட்டுப் படி ஏறுவதை விட்டுவிட்டாள். சுகந்தியின் கல்யாணத்துக்கும் வரவில்லை.

காரைக்கால் மாப்பிள்ளை தங்கமான பையன். எங்களுக்கு எந்த ஒட்டும் உறவும் இல்லாத குடும்பம். ஆனால் சுகந்தி குழந்தை வேண்டாமென்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். தன் பிள்ளையும் தூணில் இடித்துக்கொள்ளுமோ என்ற பயம். டாக்டரிடம் கேட்டதற்கு, முதலில் அப்பாவின் ரத்தத்தில் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும், அங்கிருந்துதான் தொடங்க முடியும் என்றாராம். அவள் என்னிடம் ஒருமுறைதான் கேட்டாள். நான் ஏதேதோ சொல்லி நழுவினேன். பேர் தெரியாதவரை அது என்னோடு முடிகிற நோய். பேர் தெரிந்துவிட்டால் அப்பா, அம்மா, பிள்ளை என்று எல்லோர் தலையிலும் எழுதிவிடுவார்கள் என்று பயந்தேன். நீ மட்டும்தான் அதைப் புரிந்துகொண்டு பேசினாய். "ரத்தம் குடுக்கறதால நோய் வந்துடாதுடா. இருக்கறது என்னான்னு சொல்லும், அவ்ளோதான். இந்த ஒரு பதிலு உன் ஒடம்புலதான் இருக்குது. அந்தப் பொண்ணு வேற எங்க போயி கேக்கும்?" நாம் கடைசியாகப் பேசியதும் அதைத்தான். புயல் மழை வடிந்த வாரத்தில் ஒரு காலை, காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே உன் நெஞ்சு நின்றுவிட்டது என்று பாலு ஓடிவந்து சொன்னான்.

உன் காரியம் முடிந்த மறுவாரம் நானே சுகந்தியைக் கூப்பிட்டு, "கெளம்பு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை. உன்னிடம் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இனிமேல் அதைச் சொல்வதற்கு ஆள் இல்லை.

பதில் வர மாதங்கள் ஆயின. அந்த இளவயது டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இந்த நோய் வர, கெட்ட பிரதி அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக இரண்டும் வேண்டும். என் அப்பா அம்மா ஒரே குடும்பம், இரண்டு பேரிடமும் ஒன்று ஒளிந்திருந்தது. அவர்கள் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு இரண்டும் வந்து சேர்ந்துவிட்டது. சுகந்தியிடம் ஒன்றுதான், அவள் பார்வைக்கு ஆபத்தில்லை. மாப்பிள்ளையின் ரத்தத்தையும் பார்த்தார்கள், அதில் இல்லை. பிறக்கிற குழந்தைக்கு என் நோய் வராது. சுகந்தி என் கையைப் பிடித்திருந்த பிடியில் அன்றைக்கு என் விரல் ஒடிந்திருக்கும். இப்போது அவளுக்கு நாலாம் மாதம். இதைத் திருத்திக்கொண்டே வெட்கப்படுகிறாள், அழிக்கட்டுமா என்கிறாள். அழிக்காதே என்கிறேன்.

என் கண்ணுக்கு ஏதாவது உண்டா என்றும் கேட்டேன். வேறு சில மரபணுக்களுக்கு மனிதர்களிடமே சிகிச்சை வந்துவிட்டது, உங்களுடையதற்கு இப்போதைக்கு எலிகளில்தான் முயற்சி நடக்கிறது என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். டாக்டரம்மா பயந்துபோனார். சுகந்திதான் உன் கதையைச் சொல்லிச் சமாளித்தாள். எலிகள் நன்றாக இருக்கட்டும், முசே. என் காலத்தில் வராவிட்டாலும் யாரோ ஒரு பிள்ளைக்கு வரும்.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். போன மாதம் ஒரு சொந்தக்காரர் மூலம் தெரிந்தது, அக்காவின் இளைய மகனுக்குத் தை மாதம் கல்யாணமாம். பெண் எங்கள் சித்தப்பா மகனுடைய பெண். அதே ரத்தம். டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை, இருவருக்கும் சோதனை செய்துவிடுங்கள், ஒருவரிடம் இல்லாவிட்டால்கூட இந்த நோய்க்குப் பயமில்லை என்றார். சொல்ல வேண்டியது நான்தான். பெண் கொடுக்காதவன், இப்போது இருக்கிற கல்யாணத்தையும் கெடுக்க வந்துவிட்டான் என்று ஊரே சொல்லும். அன்று கால்வாயில் குண்டைப் போடுவதற்கு முன் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பாலுவின் ஆட்டோவில் போனேன். அக்கா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது, உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா அம்மாவைப் பற்றி, இரண்டு பிரதிகளைப் பற்றி, ரத்தம் கொடுப்பது எவ்வளவு சுலபம் என்பதைப் பற்றி. "கல்யாணத்த நிறுத்த வரலக்கா. பாத்துட்டு பண்ணுங்கன்னு சொல்ல வந்தேன்" என்று முடித்தேன். எழுந்திருக்கலாமா என்று நான் கையை ஊன்றியபோது அவள் பேசினாள்.

"அப்ப நீ வயித்துல இருக்கசொல்ல அம்மா கிரகணம் பாத்ததால இல்லியா?"

"என்னாக்கா?"

"சின்னதுல ஆயா அப்படித்தான் சொல்லிச்சு. நான்தான்டா வெளிய வந்து பாரும்மான்னு அம்மாவ இட்டுகினு போனேன். எனக்கு ஆறு வயசு. உனக்குக் கண்ணு தெரியலன்ன ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த நெனப்புதான். என்னாலதான் போச்சுன்னு. உன் பொண்ணயாச்சும் நான் பாத்துக்கணும்னுதான்டா எம்புள்ளைக்கிக் கேட்டேன்."

கையை நீட்டினேன். அவள் முகம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது, கன்னம் முழுக்க நனைந்திருந்தது. "இல்லக்கா. கிரகணத்துக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்ல. உன்னால இல்ல" என்றேன். "நெசமாவா?" என்றாள். அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள், நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். இத்தனை வருஷம் அவள் தூக்கிக்கொண்டிருந்ததை இறக்கி வைக்க ஒரு வாக்கியம் போதுமாக இருந்திருக்கிறது, அது என் உடம்பிலேயே இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

முசே, நீ போன பிறகு எனக்குச் சேதி படித்துச் சொல்ல ஆளில்லை என்றுதான் அழுதுகொண்டிருந்தேன். போன் படிக்கிறது, அது பரவாயில்லை. ஆனால் ஒரு சேதியை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று நீதான் எனக்குக் காட்டிவிட்டுப் போனாய். அதை வைத்துக்கொண்டுதான் இப்போது நடமாடுகிறேன். வியாழக்கிழமை அக்கா, மகனையும் மருமகளாக வரப்போகிற பெண்ணையும் கூட்டிக்கொண்டு ரத்தம் கொடுக்க வருகிறாள். காலையில் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவாளாம். போகிற வழியில் என் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்று அவளே சொன்னாள்.